'உணவு உட்பட' என்ற சொல்லை நம்பிக் கப்பலில் ஏறுகிறவர்களுக்கு

அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளுக்காக ஏழு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். திரும்பி மூன்று வாரமாகியும் கோபம் ஆறவில்லை. வயதானவர்களை ஆசையாக அழைத்துப் போகும் வேறு யாரும் இதில் மாட்டக்கூடாது என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் சொன்னது இவ்வளவுதான்: "கப்பலில் பன்னிரண்டு உணவகங்கள் இருக்கின்றன சார். சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம்." இரண்டும் தனித்தனியே உண்மை. சேர்த்துச் சொன்னதில்தான் சூது. பன்னிரண்டில் டிக்கெட்டில் அடங்கியவை நான்கு மட்டுமே: மேசைக்கு வந்து பரிமாறும் பிரதான உணவுக்கூடம், மேல்தளத்து பஃபே, நீச்சல்குளத்தருகே ஒரு சிற்றுண்டிக் கடை, பகலில் மட்டும் திறந்திருக்கும் ஒரு சிறிய காபிக் கடை. மற்ற எட்டும் 'சிறப்பு உணவகங்கள்'. சிலவற்றில் உள்ளே போய் உட்காரவே தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், சிலவற்றில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை. பெரிய கப்பல்கள் பலவற்றில் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான் என்பது ஏறிய பிறகே எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் மதியம், பெட்டிகள் கேபினுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, பஃபே வாசலில் மேசை போட்டுக் காத்திருந்தார்கள். மூன்று இரவுச் சிறப்பு உணவுக்கான பேக்கேஜ், தள்ளுபடி இன்று மட்டும் என்றார்கள். "மூன்றாம் நாள் திருமண நாள். அன்று இரவு ஏழரைக்கு நான்கு பேருக்கு மேசை கிடைக்குமா?" என்று நான் தெளிவாகவே கேட்டேன். "நிச்சயமாகக் கிடைக்கும்" என்றார் அந்த இளைஞர். அறை அட்டையைத் தேய்த்தார், முடிந்தது. கப்பலில் கையில் பணம் புழங்குவதில்லை. எல்லாம் அந்த அட்டை வழியாகக் கடன் அட்டையில் ஏறுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்பது அந்த நேரத்தில் மனதில் பதிவதே இல்லை.

மாலையில் மேசை பதியப் போனால், மூன்றாம் நாள் முழுதும் நிரம்பிவிட்டது. வேறு நாள்களில் மாலை ஐந்து மணி அல்லது இரவு ஒன்பதே முக்கால். பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே இணையத்தில் பதிவு செய்தவர்கள் நல்ல நேரங்களை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கேஜ் விற்றவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அப்படியென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். கப்பல் புறப்பட்டுவிட்டால் ரத்து இல்லையாம். ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள்.

கட்டண உணவகம் கப்பலுக்குப் புதிதல்ல. 1912இல் டைட்டானிக்கிலேயே முதல் வகுப்புப் பயணிகளுக்கு அப்படி ஒன்று இருந்தது. ஆனால் பயணம் முழுதும் அங்கேயே சாப்பிடுகிறோம் என்று முன்பதிவிலேயே சொன்னவர்களுக்கு டிக்கெட் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்தார்கள். இன்று நாம் பிரதான உணவுக்கூடத்தில் உண்ணாமல் விட்ட சாப்பாட்டுக்கும் கட்டுகிறோம், உண்ட இடத்திலும் கட்டுகிறோம்.

நான்காம் நாள் கப்பல் நிறுவனமே நடத்திய கரைச் சுற்றுலாவுக்குப் போனோம். அவர்களுடைய பஸ்தான். அது தாமதமாகத் திரும்பியதால் ஐந்து மணி மேசை தவறியது. மறுநாள் கணக்கைப் பார்த்தால், வராததற்காக நான்கு பேருக்கும் அபராதம்! ஐந்தாம் நாள் சிறப்பு உணவகத்துக்குள் போன பிறகு, பட்டியலில் பாதி உணவுகளுக்குப் பக்கத்தில் தனிக் கட்டணக் குறி. பேக்கேஜில் அவை சேராது. எல்லாவற்றின் மேலும் சேவைக் கட்டணம் நூற்றுக்கு பதினெட்டு. அது போக, ஊழியர்களுக்கான தினசரி அன்பளிப்பு தலைக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்விட என்னைப் பதற வைத்தது அம்மாவின் விஷயம். அம்மாவுக்குக் கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாது, சிறிதளவு பட்டாலும் தொண்டை வீங்கிவிடும். முகவரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். கப்பலில் அந்தக் குறிப்பே இல்லை. இத்தகைய தகவலைப் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் உணவுக்கூடத் தலைமைப் பரிமாறுநரை நேரில் பார்த்து மறுபடியும் சொல்லுங்கள். பஃபேயில் ஒரே கரண்டி பத்துப் பாத்திரங்களுக்குப் போய் வரும். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பானங்களிலும் கவனம் தேவை. தண்ணீர், தேநீர், இயந்திரத்தில் பிடிக்கும் சாதாரணக் காபி ஆகியவற்றுக்குக் கட்டணமில்லை. உடனே பிழிந்த பழச்சாறும் குளிர்பானமும் கணக்கில் ஏறும். பானப் பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. எங்களிடம் அதையும் விற்கப் பார்த்தார்கள், நல்ல வேளையாக அப்பா தடுத்துவிட்டார்.

திருமண நாள் இரவு பிரதான உணவுக்கூடத்திலேயே சாப்பிட்டோம். அங்கிருந்த தலைமைப் பரிமாறுநரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அம்மாவின் ஒவ்வாமை தெரிந்த நாள் முதல், ஒவ்வொரு இரவும் மறுநாள் உணவுப் பட்டியலை எடுத்து வந்து, எது பாதுகாப்பானது என்று சமையலறையில் கேட்டுச் சொல்லி, அம்மாவையே தேர்ந்தெடுக்கச் செய்தார். பயணத்தில் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டதெல்லாம் அந்த மேசையில்தான். அதற்குத் தனியாக ஒரு காசும் கேட்கவில்லை.

கணக்கைக் கடைசி இரவு வரை விட்டுவைக்காதீர்கள். தினமும் கேபின் தொலைக்காட்சியிலோ விருந்தினர் சேவை மேசையிலோ பார்த்துவிடுங்கள். இறங்கும் நாள் காலையில் அந்த மேசை முன் நிற்கும் வரிசையில் பொறுமையாக வாதாட முடியாது. அபராதத்தை நான் அன்றே கேட்டதால், பஸ் அவர்களுடையது என்பதைக் காட்டி, திரும்பப் பெற முடிந்தது. பேக்கேஜ் பணத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. முகவரோ தொலைபேசியை எடுப்பதில்லை.