ஆட்டிசக் குழந்தைக்கு உதவி நாய் வாங்குவோர் முன்பணம் அனுப்பும் முன் கவனிக்க

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு சர்வீஸ் டாக் (பயிற்சி பெற்ற உதவி நாய்) தேடும் பெற்றோருக்கு இந்த எச்சரிக்கை. "மூன்று மாதக் குட்டி, ஆட்டிசத்துக்கென்றே பயிற்சி முடித்தது, சான்றிதழும் கையோடு தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

2018இல் வர்ஜீனியா மாநில அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) ஒரு விற்பனையாளர்மேல் வழக்குப் போட்டார். சர்க்கரை அளவு ஏறி இறங்குவதை மோப்பம் பிடித்துச் சொல்லும் நாய் என்று 18,000 முதல் 27,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு, சரியாகப் பழக்காத குட்டிகளைத் தந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆட்டிசக் குடும்பங்களுக்கு விரிக்கும் வலையும் இதேதான். நல்ல அமைப்புகளில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தத் தவிப்பைத்தான் காசாக்குகிறார்கள். குட்டி வீட்டுக்கு வந்ததும், "மீதியைப் பயிற்சியாளர் வந்து பார்த்துக்கொள்வார்" என்பார்கள். வருகிறவர் 'உட்கார், படு' என்பதைத் தாண்ட மாட்டார். பிள்ளை வீறிட்டு அழும்போது நாய் கட்டிலுக்கடியில் பதுங்கும். கேட்டால், "நீங்கள் ஒழுங்காகப் பழக்கவில்லை" என்று பழி பெற்றோர் தலையில் விழும்.

குட்டியால் முடியாத வேலை இது. திடீரென ஓடிவிடும் பிள்ளையின் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு வார் நாயின் உடல்பட்டைக்குப் போகும். நாயைப் பிடிக்கும் கயிறு எப்போதும் பெரியவர் கையில் இருக்கும். பிள்ளை திமிறினால் நாய் நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அணிலைக் கண்டு பாயும் நாயோடு பிணைத்தால் பிள்ளை தரையில் இழுபடும். இடுப்பு மூட்டு பலவீனமான நாய் இந்தப் பாரத்தில் நொண்டிவிடும். நாய்களின் மூட்டு நலத்தை மதிப்பிட்டுப் பதிவு செய்யும் ஓ.எஃப்.ஏ. (OFA) அமைப்பு இடுப்பு எக்ஸ்ரேக்கு இறுதித் தரம் தருவதே 24 மாத வயதுக்குப் பிறகுதான். முறையான அமைப்புகள் நாயை ஒப்படைப்பதும் ஏறக்குறைய இரண்டு வயதில். ஆகவே நாயின் ஓ.எஃப்.ஏ. எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்கள் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கூட்டமான கடையில் அந்த நாய் வேலை செய்வதை நேரில் பாருங்கள். வீடியோவை நம்பாதீர்கள்.

சான்றிதழ், ஹாலோகிராம் அட்டை, பதிவு எண் எல்லாம் வெறும் காகிதம். ஊனமுற்றோர் உரிமைக்கான ஏ.டி.ஏ. (ADA) சட்டத்தில் அரசுப் பதிவேடு என்று ஒன்றே கிடையாது. ஊனத்துக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியது என்ற இரண்டை மட்டுமே கடைக்காரர் கேட்கலாம். நாய் கட்டுக்கடங்காமல் குரைத்தாலோ உள்ளே அசுத்தம் செய்தாலோ, அட்டை இருந்தாலும் வெளியே அனுப்பலாம். விற்பவர்கள் மறைக்கும் இன்னொன்று: பள்ளியில் நாயைப் பராமரிக்க ஆள் தர வேண்டிய கடமை பள்ளிக்கு இல்லை.

உதவி நாய் அமைப்புகளின் கூட்டமைப்பான அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் உறுப்பினர் பட்டியலில், நாய் தருபவரின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாத நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், எவ்வளவு பணம் திரும்பும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். 'நன்கொடை' என்று எழுதிப் பணம் வாங்கினால் திரும்பக் கேட்பது பெரும்பாடு. ஜெல் (Zelle) பணப் பரிமாற்றச் சேவை, வங்கிவழிப் பணப் பரிமாற்றம் வேண்டாம்; கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சொன்னபடி நாய் வராவிட்டால், கட்டணம் முதலில் காட்டிய பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். "அடுத்த மாதம் வந்துவிடும்" என்று இழுத்தடிப்பது பல நேரம் இந்தக் கெடு கடக்கத்தான்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் விளம்பரம், குறுஞ்செய்தி, ரசீது எதையும் அழிக்காதீர்கள். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும், நுகர்வோரைக் காக்கும் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யிலும் (FTC) புகார் கொடுங்கள். பிள்ளையை அந்த நாயோடு வாரில் பிணைக்கவே வேண்டாம்.