பழைய காரின் பின் விளக்கு: பழுது பார்ப்பதா, எல்.இ.டி. பல்பா, தனி விளக்கா?

வேலூரிலிருந்து ஆம்பூர் பக்கமோ வாலாஜா பக்கமோ தேசிய நெடுஞ்சாலை 48-இல் இருட்டிய பிறகு ஒரு மோரிஸ் மைனரையோ பழைய அம்பாசடரையோ ஓட்டுகிறவருக்கு ஆபத்து பின்னாலிருந்துதான் வருகிறது. நம் வண்டி ஐம்பதில் போகும், பின்னால் வரும் லாரி எண்பதில் வரும். தேநீர்க் கிண்ணத்தின் வாயளவே உள்ள சிவப்புக் கண்ணாடிக்குள் மங்கலாக எரியும் பல்பை நம்பித்தான் அந்த ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரமல்ல.

இருக்கிற விளக்கைப் பழுது பார்ப்பது

செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய விளக்கு மங்குவதற்குப் பல்பு காரணமாக இருப்பது அரிது. கரண்ட் போய்ச் சேருவதில்லை என்பதே காரணம். இழை பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் வேகமாக விழுந்துவிடும். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10.5 வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விட்டது என்று பொருள்.

பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பல்பின் பித்தளை உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரப்பர் வளையம் வழியாகத் தண்ணீர் இறங்கி ஹோல்டரில் பச்சை பூத்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஹோல்டரிலிருந்து பாடிக்கு 1 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றைத் தனியாகப் போட்டுவிடுங்கள். விளக்கின் உட்புறம் துருவேறி இருந்தால் வெள்ளை பெயிண்ட் அடித்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது பிரேக் ஸ்விட்ச். பிரேக் ஆயில் குழாயில் பொருத்திய அழுத்த ஸ்விட்ச், ஆயிலில் அழுத்தம் ஏறிய பிறகுதான் விளக்கைப் போடும். பெடலைத் தொட்ட மாத்திரத்தில் எரியும் ஸ்விட்ச் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் பின்னால் வருபவருக்குச் சற்று முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கும். இரண்டு பல்புக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர் ஓடுவதால் ஸ்விட்சின் உள் முனைகள் கருகும். சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் நான்கு கால் 12 வோல்ட் ரிலே போட்டு, 85, 86 கால்களை ஸ்விட்சுக்கும் எர்த்துக்கும், 30-ஆம் காலை ஃப்யூஸ் வழியாக பேட்டரிக்கும், 87-ஐ விளக்குக்கும் கொடுத்தால் அந்தச் சுமை நீங்கும்.

எல்.இ.டி. பல்பு

இழை சூடேறி முழு வெளிச்சம் வர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. உடனே எரியும். எண்பதில் வரும் வண்டிக்கு அது நாலரை மீட்டர். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற டைனமோ உள்ள பழைய வண்டிக்கு இன்னொரு லாபமும் உண்டு: சிக்னலில் ஹெட்லைட்டோடு பிரேக்கை மிதித்து நிற்கும்போது டைனமோ அநேகமாக எதுவும் தராது, பேட்டரிதான் தாங்கும். இரண்டு பிரேக் பல்பின் 42 வாட் சுமை ஐந்தாறு வாட்டாகக் குறையும்.

ஆனால் கோளாறுகளும் இங்கேதான் அதிகம். பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட் என இரட்டை இழை உள்ள 21/5 வாட் பல்பில் பிரேக் ஒளி 440 லூமன் (ஒளியின் அளவு), டெயில் ஒளி 35 லூமன், அதாவது பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். மலிவான எல்.இ.டி. பல்பில் டெயிலே பளிச்சென்று எரிகிறது, பிரேக் போட்டாலும் கொஞ்சம்தான் கூடுகிறது. இரவில் பின்னால் வருபவருக்கு நாம் பிரேக் பிடித்ததே தெரியாது. இது பழைய பல்பை விட மோசம். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிறிய ரோஸ் நிறம்தான் வரும், சிவப்பு எல்.இ.டி.யே போட வேண்டும். அதே விளக்கு நம்பர் பிளேட்டுக்கும் வெளிச்சம் தருகிறதென்றால் பிளேட் சிவந்துவிடும், அதற்குத் தனி வெள்ளை பல்பு தேவை.

பழைய மோரிஸ், முதற்கால அம்பாசடர் போன்றவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சாதாரண எல்.இ.டி. அதில் எரியவே எரியாது. இரு துருவத்திலும் இயங்குவதா என்று கேட்டு வாங்குங்கள். இண்டிகேட்டருக்கும் எல்.இ.டி. போட்டால் அதை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய சூட்டுக் கம்பி ஃப்ளாஷர் வேலை செய்யாது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாற்ற வேண்டும். 6 ஓம் ரெசிஸ்டர் போட்டு, பழைய பல்பே இருப்பதாக ஃப்ளாஷரை ஏமாற்றலாம்தான், ஆனால் எரியும்போது 24 வாட் சூட்டை அது கக்கும், வயரையும் பிளாஸ்டிக்கையும் உருக்கும்.

ஹாலோஜன் பல்பு வேண்டவே வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினால் பழைய பிளாஸ்டிக் லென்ஸ் உருகிப்போகும்.

பின் கண்ணாடிக்குள் மூன்றாவது பிரேக் லைட்

எங்கள் தேர்வு இதுதான். லாரி ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு அருகில் இருப்பதாலும், டெயில் லைட்டோடு கலக்காமல் பிரேக்குக்கு மட்டுமே எரிவதாலும் இதைத் தவறாகப் படிக்க வழியில்லை. பழைய விளக்கையும் தொட வேண்டியதில்லை. 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி அசல் வடிவத்தைக் கேட்கிறது. பாடியில் துளை போடாமல், கழற்றி எடுக்கக்கூடியபடி செய்வதே நல்லது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் லூகாஸ் வயரிங்கில் ஊதா கோடு போட்ட பச்சை வயர்தான் பிரேக் லைட். டிக்கிக்குள் அதிலிருந்து கிளை எடுத்து, 3 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து மேலே கொண்டுபோங்கள். பழைய ஃப்யூஸ் பெட்டியின் 35 ஆம்பியர் ஃப்யூஸ் இந்த மெல்லிய வயரைக் காப்பாற்றாது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் விளக்கின் சிவப்பு வயர் பாடிக்கும் கறுப்பு வயர் பிரேக் வயருக்கும் போகும். விளக்கின் இரும்பு உறை கறுப்பு வயரோடு சேர்ந்திருந்தால் அது பாடியில் பட்டிருக்க, பிரேக்கை மிதித்ததும் ஃப்யூஸ் போகும், பிளாஸ்டிக் உறை வாங்குவது நிம்மதி.

சித்திரை வெயிலில் வேலூரில் நிறுத்திய காருக்குள் உறிஞ்சு ரப்பரும் இரட்டைப் பக்க டேப்பும் நிற்காது. பின் இருக்கைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தட்டில் ஏற்கெனவே உள்ள திருகுகளில் ஒரு பட்டையைப் பிடித்து அதில் பொருத்துங்கள். விளக்கைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துச் சுற்றிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் கட்டாவிட்டால் ஒளி உள்ளே திரும்பி ஓட்டுபவர் கண்ணைக் கூசும்.

காந்தத்தில் ஒட்டும் விளக்குகள்

பேரணிக்கோ ஒரு நாள் பயணத்துக்கோ போதும். காந்தத்தின் அடியில் மணல் சிக்கினால் பெயிண்ட் கீறும், டிக்கி மூடியில் வயர் நசுங்கும். வயர் வேண்டாதது சிவப்பு ரிஃப்ளெக்டர். பேட்டரி இறங்கிச் சாலையோரம் நிற்கும்போதும் அது பளிச்சிடும், ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் பம்பரில் இரண்டு இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் உச்சி வெயிலில் ஒரு முறை, இருட்டில் டெயில் லைட்டைப் போட்டபடி ஒரு முறை, ஐம்பது அடி பின்னால் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர் சொல்லாமல் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்தது எப்போது என்று யோசிக்காமல் உங்களால் சொல்ல முடியாவிட்டால், முதலில் அந்த எர்த் வயரைத் திரும்பப் பாருங்கள்.