குழந்தைகள் துணியில் கறை: பவுடரா, லிக்விடா, சோப்புக் கட்டியா?

எங்கள் வீட்டில் இப்போது துவைப்பது பவுடரில்தான். எந்தப் பவுடரும் அல்ல. கறையை வெட்டும் என்சைமும் நிறத்தை அழிக்கும் ஆக்சிஜன் வெளுப்பியும் சேர்ந்தது. முன்பு லிக்விட் வாங்கிக்கொண்டிருந்தோம், காலருக்கும் சாக்ஸுக்கும் மட்டும் சோப்புக் கட்டி. இரண்டு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் கறை படாத துணி என்று ஒன்று கிடையாது. அதனால் எதைத் தொடர்ந்து வாங்குவது என்பதை அவர்களையே கூட வைத்துக்கொண்டு சோதித்து முடிவு செய்தோம். நான் பவுடர் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் முந்திய இடங்களும் உண்டு, அவையும் வரும்.

பழைய வெள்ளைப் பருத்திப் போர்வை ஒன்றை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொண்டோம். தேநீர், சாக்லேட் பால், முட்டை மஞ்சள் கரு, தக்காளி சாஸ், சமையல் எண்ணெய், சேறு, ஸ்கெட்ச் பேனா, அப்புறம் புல். புல்லை மட்டும் துணியில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்க்க வேண்டும். விழுந்து சறுக்கிய முழங்கால் பேண்ட்டில் படிவதுபோல அப்போதுதான் பச்சை நூலுக்குள் இறங்கும். மற்றதெல்லாம் ஒரே கரண்டியால் ஒரே அளவு. எல்லாவற்றையும் இரவு முழுக்கக் காயவிட்டோம். இது முக்கியம். இப்போதுதான் பட்ட கறை எதில் போட்டாலும் பெரும்பாலும் போய்விடும். மூன்றுக்கும் வித்தியாசம் தெரிவது காய்ந்த கறையில்தான்.

எந்தத் துண்டு எதில் ஊறியது என்று பேனாவால் எழுதினால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டு: ஒரு வெட்டு வெறும் தண்ணீர், இரண்டு வெட்டு சோப்பு, மூன்று லிக்விட், நான்கு பவுடர். எந்த வெட்டு எதற்கு என்பது பெரியவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வரிசைப்படுத்துவது பிள்ளைகளின் வேலை, அவர்களுக்குத் தெரியக் கூடாது. வெறும் தண்ணீர்த் துண்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரும் கசக்கலும் எடுத்த கறைக்கெல்லாம் டிடர்ஜென்ட் பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். கழுவாத துண்டு ஒன்றையும் தனியே வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

பாதுகாப்பு விஷயம் சுருக்கமாக. பவுடரையும் லிக்விடையும் அளந்து போடுவது பெரியவர்தான். துணியைக் கையாளும்போது எல்லோருக்கும் கையுறை. ஜெல்லி மாதிரி இருக்கும் டிடர்ஜென்ட் காப்ஸ்யூலை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். மிகவும் செறிவானது, கையில் அமுக்கினாலோ வாயில் வைத்தாலோ வெடித்துக் கண்ணையும் தொண்டையையும் பாதிக்கும். குளோரின் பிளீச்சோடு வினிகரைக் கலந்து பார்க்கலாமா என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் பதில் கண்டிப்பாகக் கூடாது என்பதுதான். நச்சு வாயு வரும்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். சேற்றுக்கு டிடர்ஜென்ட் வித்தியாசம் அதிகம் இல்லை. நன்றாகக் காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டி உதிர்த்து, அதற்குப் பிறகு நனைத்தால் எதிலும் போகிறது. ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் மண்துகள் நூலிடுக்கில் இன்னும் உள்ளே போகும். சாக்ஸின் அடிப்பாகத்தில் ஏறிய அழுக்கில் சோப்புக் கட்டி முதலிடம். சோப்பு கறையின் மேலேயே தங்கி நிற்கிறது, கை தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. உப்புத் தண்ணீரில் மட்டும் அதன் பலம் குறையும். சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரை வராமல் வெள்ளைத் திப்பியாகத் திரிந்துவிடும்.

எண்ணெய்க் கறையில் லிக்விட் நன்றாகச் செய்தது, சந்தேகமே இல்லை. ஒரு சொட்டை நேரே கறையின் மேல் விட்டு, விரலால் தடவி, கொஞ்ச நேரம் வைத்திருந்து அலசினால் போதும். பவுடரைக் குழைத்துத் தடவினாலும் ஆகும், ஆனால் அந்த வசதி வராது.

இனி என்சைம். முட்டை, பால், இரத்தம், புல் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதத்தை வெட்டுவது புரோட்டியேஸ் என்ற என்சைம். மாவுப்பொருளுக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லிப்பேஸ். இது புதிய சரக்கு அல்ல. சலவைக்கு என்சைமைப் பயன்படுத்த ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1913-இலேயே காப்புரிமை பெற்றார்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். சர்க்கரை போடாத ஜெலட்டினைக் கரைத்துச் சின்னக் கிண்ணங்களில் உறையவிடுங்கள். ஜெலட்டினும் புரதம்தான். உறைந்த பிறகு நடுவில் ஸ்ட்ராவால் சின்னக் குழி போட்டு, ஒரு கிண்ணத்தில் என்சைம் உள்ள டிடர்ஜென்ட் கரைசல், இன்னொன்றில் சோப்புக் கரைசல், மூன்றாவதில் தண்ணீர். சில மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்தால் என்சைம் இருந்த குழி மட்டும் அகலமாகி, ஓரம் கூழாகி ஒழுகும். "அப்பா, இது ஜெல்லியைத் தின்னுது!" என்று சின்னவன் கத்தினான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதிலிருந்து துவைப்பதற்குக் கிடைக்கும் பாடம் நேரம். என்சைம் மெதுவாகத்தான் வெட்டும். முட்டைக் கறையை அப்படியே மெஷினின் அவசர ஓட்டத்தில் போட்டால் அதற்கு வேலை செய்ய அவகாசம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கறை தானாகவே தளர்ந்து வருகிறது. கொதிக்கும் தண்ணீர் கூடாது. என்சைமும் கெடும், முட்டையும் இரத்தமும் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். இரத்தம் பட்ட துணியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும்.

இதுவரை பவுடருக்கும் லிக்விடுக்கும் பெரிய இடைவெளி இல்லை. என்சைம் இரண்டிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். லேபிளைப் பார்த்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு: தேநீர்த் துண்டும் புல் துண்டும்.

இந்த இரண்டிலும் லிக்விடில் ஊறிய துணியில் கறையின் கனம் போயிருந்தது, நிறம் போகவில்லை. தேநீர் வட்டம் வெளிறிய பழுப்பாக, ஓரம் மட்டும் கோடு போட்டதுபோல நின்றது. புல் துண்டில் பச்சை மங்கி ஒரு மஞ்சள் நிழல். பவுடர்த் துண்டில் தேநீர் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. புல்லில் ஒரு கீற்று மட்டும் மிச்சம்.

காரணம் எளிமையானது. அழுக்கைப் பிரித்தெடுப்பது வேறு, நிறத்தை அழிப்பது வேறு. தேநீரும் பழச்சாறும் விட்டுச்செல்வது சாயம். அந்தச் சாய மூலக்கூறு நூலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நுரை அதை முழுதாக விடுவிப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் அதன் நிறம் தரும் பகுதியையே உடைக்கிறது. பவுடரில் இந்த வேலைக்கு இருப்பது சோடியம் பெர்கார்பனேட். சோடியம் கார்பனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த வெள்ளைக் குருணை அது. டப்பாவில் உலர்ந்து கிடக்கும்வரை சும்மா இருக்கும். தண்ணீர் பட்டதும் பெராக்சைடு வெளியே வந்து வேலையைத் தொடங்கும்.

லிக்விடால் இது முடியாததும் அதனால்தான். அதில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. பெர்கார்பனேட்டைப் போட்டால் பாட்டிலுக்குள்ளேயே கரைந்து, கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் சக்தி போய்விடும். போதாக்குறைக்கு என்சைமையும் கெடுக்கும். பெராக்சைடு கொண்ட தனிக் கறைநீக்கித் திரவங்கள் உண்டு, ஆனால் அவை துவைக்கும் லிக்விட் அல்ல. பவுடரில் வெளுப்பியைச் சேர்க்கும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல்: 1907-இல் ஜெர்மனியில் ஹென்கல் நிறுவனம் பெர்சிலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அதில் பெர்போரேட் இருந்தது. அன்றைக்கும் அது உலர்ந்த தூளாகத்தான் வந்தது.

ஆக்சிஜன் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தப் பவுடரைக் கரைத்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தண்ணீரில் குழைத்து ஒரு கரண்டி விட்டால் நுரை பொங்கி வழியும். ஈஸ்ட்டில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் அந்த நுரை. வெளுப்பி இல்லாத டிடர்ஜென்ட்டில் இப்படிப் பொங்காது. எது வெளுப்பி உள்ள பவுடர், எது இல்லாதது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க இது நல்ல வழி. கரைசலை மூடி போட்ட பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம். ஊறவைக்கும் வாளியும் திறந்தே இருக்கட்டும்.

தண்ணீரின் சூடு இங்கே பெரிய விஷயம். பெர்கார்பனேட் நன்றாக வேலை செய்வது 40 முதல் 60 டிகிரியில். லேபிளில் டிஏஇடி என்று ஒரு பெயர் இருந்தால் அது வெளுப்பியைக் குறைந்த சூட்டிலும் தூண்டிவிடும் பொருள். பச்சைத் தண்ணீரில் மட்டுமே துவைப்பவர்களுக்கு என் பவுடர் வாதத்தில் பாதி பலம் குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கறைபட்ட துணியை மட்டும் முன்கூட்டி ஊறப்போட முடிந்தால் அந்தப் பலம் திரும்பிவிடும்.

இன்னொன்று, பவுடர் என்றாலே வெளுப்பி இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெறும் சோடாவும் நுரையும் மட்டும் உள்ள பவுடர்கள் நிறைய. வண்ணத் துணிக்கென்று தனியாக வருபவற்றில் பெரும்பாலும் வெளுப்பி சேர்ப்பதில்லை. லேபிளில் பெர்கார்பனேட் அல்லது ஆக்சிஜன் சார்ந்த வெளுப்பி என்று தேடுங்கள். லிக்விடையே வைத்துக்கொண்டு, தனியாக விற்கும் பெர்கார்பனேட் தூளைக் கறைக்கு மட்டும் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம், பலனும் கிடைக்கும். எனக்கு இரண்டு டப்பாவை அளந்து போடுவதைவிட ஒரே பவுடர் வசதி.

முடிவு பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பெரியவள் ஒரு லிக்விட் துண்டை எடுத்து இதுதான் அதிக வெள்ளை என்றாள். துணி வெள்ளையாகத்தான் இருந்தது, கறை அப்படியே நின்றது. பல டிடர்ஜென்ட்களில் ஒளிர்வூட்டிகள் இருக்கின்றன. புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தருவதால் மஞ்சள் மறைந்து வெளேர் என்று தெரிகிறது. ரூபாய்த்தாள் சரிபார்க்கும் சின்ன யுவி விளக்கை இருட்டில் காட்டினால் துணி நீலமாக ஒளிரும். விளக்கு கண்ணில் படாமல் பெரியவர் பிடித்துக்கொண்டால் போதும், பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம். ஆகவே துணியின் வெண்மையைப் பார்க்காமல், கறையின் விளிம்பு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு மறைந்திருந்தால்தான் கறை போனதாகக் கணக்கு.

பவுடரின் குறைகளும் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாமல் கறுப்புத் துணியில் வெள்ளைத் தீற்றல் விடும். கைக்கும் கடுமை, கையுறை இல்லாமல் கசக்க வேண்டாம். கைக்குழந்தையின் துணிக்கும், தோல் ஒவ்வாமை உள்ளவர்களின் துணிக்கும் எது நல்லது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. எங்கள் பிள்ளைகள் இருவரும் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள், தோல் பிரச்சினையும் இல்லை. வெளுப்பியால் வண்ணத் துணியின் சாயம் போகுமா என்பதும் துணியைப் பொறுத்தது. பிரகாசமான நிறங்களை உள்தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டே நனைக்கிறேன்.

ஸ்கெட்ச் பேனாவில் மூன்றுமே ஒன்றுதான். கழுவினால் போகும் வகை வெறும் தண்ணீரிலேயே போய்விட்டது. போகாத வகையை எதுவும் முழுதாக எடுக்கவில்லை. பால்பாயிண்ட் மைக்கு ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் தொட்டு, அடியில் பழைய துணி வைத்து ஒற்றி எடுத்தால் நல்ல பலன். அதை டிடர்ஜென்ட்டிடம் எதிர்பார்ப்பது வீண்.

லிக்விட் பாட்டில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, சின்னது, என்சைம் இல்லாதது. கம்பளியும் பட்டும் புரத நூல்கள் என்பதால் முட்டையை வெட்டும் அதே என்சைம் அந்த இழைகளையும் அரிக்கும். ஸ்வெட்டர், பட்டுத் துணி, கறுப்புப் பேண்ட் எல்லாம் அதில்தான். எண்ணெய் சொட்டிய சட்டைக்கும் ஒரு சொட்டு அதிலிருந்து தடவி, பிறகு பவுடர் வாளியில் போடுகிறேன். எதில் போட்டாலும், காயப்போடும் முன் கறை இருந்த இடத்தை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மறுபடி ஊறட்டும். டிரையரிலோ இஸ்திரியிலோ சூடு பட்டுவிட்டால் அந்த மிச்சத்தை எடுப்பது பவுடருக்கும் கஷ்டம்.