மதுரை வெயிலில் பதினோரு வருடம்: என் வீட்டில் நின்ற பூச்செடிகளும் போன பூச்செடிகளும்

2014 சித்திரையில் புது வீட்டுக்குக் குடிவந்தோம். மதுரைக்கு வெளியே, போர்வெல் தண்ணீர் மட்டும் உள்ள ஏரியா. வாசலில் இருபதடி இடம், பக்கவாட்டில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்தில் ஒரு நீளப் பட்டை. வந்த வாரமே நர்சரிக்குப் போய் பதினெட்டுச் செடிகள் வாங்கிவந்தேன். எல்லாமே பூத்து நின்றவை. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பதினொன்று கருகிவிட்டன.

அதற்கு முதல் காரணம் நட்ட மாதம். நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் தினம் இரண்டு வேளை தண்ணீர் குடித்து வளர்ந்த செடியைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் திறந்த மண்ணில் வைத்தால் அது தாங்காது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வேர் இறங்க ஆறேழு மாதம் கிடைக்கிறது. அதன் பிறகு நான் நட்ட புதர்ச்செடிகள் எல்லாம் புரட்டாசி, ஐப்பசியில் நட்டவைதான். இன்னொன்று, பையைப் பிரித்ததும் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருந்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பாதியாவது கரைத்துவிட்டு நடுங்கள். நான் அப்படியே புதைத்த ஒரு நந்தியாவட்டையை ஒரு வருடம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் அந்த உருண்டையைத் தாண்டவே இல்லை.

இட்லிப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். சுவரோரம் எட்டுச் செடி வைத்தேன், எல்லாம் குட்டை ரகம். ஆறு மாதத்தில் புது இலைகள் மட்டும் மஞ்சளாகின. நரம்பு பச்சையாகவே இருந்தது, நடுவில் வெளுப்பு. சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டேன், ஒரு பயனும் இல்லை. உண்மையில் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. பழைய இலையில் உள்ள இரும்பு புது இலைக்கு நகராது, அதனால்தான் துளிர் முதலில் வெளுக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மை அதிகமானால் வேரால் அதை எடுக்க முடியாது. புது வீட்டுச் சுவரோரம் சிமென்ட் கலவையும் சுண்ணாம்பும் கொட்டிக் கிடக்கும், அதோடு நம் போர்த் தண்ணீரும் சேர்ந்தால் இட்லிப்பூவுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நான் செய்தது இதுதான். இரண்டடி ஆழம் தோண்டி இடிபாட்டை எல்லாம் அள்ளி வெளியே போட்டேன். கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் நிரப்பினேன். அன்னபேதி உப்பு (இரும்புச்சத்துள்ள ஃபெரஸ் சல்பேட்) ஐந்து கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் இலையில் தெளித்தேன். மூன்றாவது தெளிப்புக்கே பச்சை திரும்பியது. காரமான மண்ணில் அன்னபேதியை வேரில் கொட்டினால் பெரும்பகுதி அங்கேயே கட்டுண்டு போகும், இலையில் கொடுப்பதுதான் சரி. அப்புறம் ஒரு விஷயம், ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வரும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று நான்கு மாதம் இட்லிப்பூவுக்கு ஊற்றினேன். இலை நுனியெல்லாம் தீய்ந்தது. போர்த் தண்ணீரின் உப்பு இன்னும் செறிந்து வருவது அது. பாத்திரம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம்.

எட்டில் இன்று மூன்றுதான் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் பிறகு வைத்த நாட்டு ரகம், நெட்டையாக வளரும் சிவப்பு, இவ்வளவு கவனிப்பு கேட்கவில்லை. சங்கப் பாட்டில் வரும் வெட்சி இதுதான் என்கிறார்கள். ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ என் வாசலில் பூத்திருப்பது எனக்கு இன்றும் பெருமைதான்.

உண்மையான பரீட்சை 2016-இல் வந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. எங்கள் போர் வற்றிக் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்கினோம். செடிகளுக்கு அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் மட்டும்தான். 2017 ஆடி வரை அப்படியே ஓடியது. முசாண்டா இரண்டும் போயின, ஹைப்ரிட் செம்பருத்தி நான்கும் போயின, குட்டை இட்லிப்பூவில் ஐந்து போனதும் அப்போதுதான். நாட்டுச் செம்பருத்தி மேல் கிளையெல்லாம் காய்ந்து, மழை வந்ததும் அடியிலிருந்து துளிர்த்தது. நந்தியாவட்டை இலை கொட்டி நின்று பிழைத்தது. அரளி, காகிதப்பூ, மயில்கொன்றை மூன்றும் ஒன்றும் நடக்காததுபோல் பூத்தன.

பிழைத்தவற்றில் பெரும்பாலானவை நான் காசு கொடுத்து வாங்காதவை. எதிர் வீட்டு அக்கா, "ஏன் தம்பி, இங்கன நாலு தெரு நடந்து பாருங்க. யாரும் தண்ணி ஊத்தாம எது பூத்துக் கெடக்கோ, அதுல ஒரு கம்பு கேட்டு வாங்கி ஊனுங்க" என்று சொல்லித் தந்த கம்புகளில் வந்தவை. அந்தக் கம்பின் தாய்ச்செடி இதே தண்ணீரில், இதே மண்ணில் பத்து வருடம் வாழ்ந்துவிட்ட செடி. அதைவிட நல்ல உத்தரவாதத்தை எந்த நர்சரியும் தரமுடியாது என்றே நினைக்கிறேன்.

காகிதப்பூ மேற்குச் சுவருக்கு ஏற்றது. நாம் பூ என்று பார்க்கும் வண்ணம் இலை மாறியது, நடுவில் வெள்ளையாய்க் குட்டியாய் இருப்பதுதான் பூ. தண்ணீர் அதிகம் கொடுத்தால் இலையாகத் தள்ளும். தையில் வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, மண் நன்றாகக் காய்ந்த பின்பே ஊற்றுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை சுவரே தெரியாது. முள் நீளமானது, நடைபாதை ஓரம் வேண்டாம்.

அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆடு மாடு வாய் வைக்காததும் அதனால்தான், நான்குவழிச் சாலை நடுவில் அதை வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மஞ்சள் அரளியின் காய் உயிரையே எடுக்கும். என் அண்ணன் மகள் தவழ ஆரம்பித்தபோது மஞ்சள் அரளியை வேரோடு எடுத்துவிட்டேன், அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. சிவப்பு அரளியைக் குழந்தை போகாத பின்பக்கத்துக்கு மாற்றினேன். சில வருடம் அதில் கறுப்பு வெள்ளை வரிப் புழுக்கள் வரும். மருந்தடிக்காமல் விட்டுப் பாருங்கள். இலைக்கு அடியில் வெள்ளி முலாம் பூசினதுபோல் கூட்டுப்புழு தொங்கும், அதிலிருந்து பழுப்பும் கறுப்புமாய் ஒரு பட்டாம்பூச்சி வரும்.

செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சியும் வரும். 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று மாநிலம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். 2010-இல் வெளிநாட்டிலிருந்து சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. விஷ மருந்தை அடித்தால் இப்படி உதவிக்கு வரும் பூச்சிகளும் சாகும். நான் அப்பிய நுனிகளை ஒடித்துவிட்டு, பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடிக்கிறேன். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சியைக் காவல் காப்பது எறும்புதான்.

மற்றவை சுருக்கமாக. மயில்கொன்றையைத் தையில் இரண்டடிக்கு வெட்டாவிட்டால் மரமாகிவிடும். டெகோமா அழகுதான், ஆனால் விதை பறந்து பக்கத்து வீட்டுச் சாக்கடை வரை முளைத்தது, எடுத்துவிட்டேன். குரோட்டன்ஸுக்குக் காலை வெயில் போதும், மேற்கு வெயில் பட்டால் இலை வெந்துவிடும். தண்ணீரை எல்லாவற்றுக்கும் தினம் கொஞ்சம் என்று தெளிக்காமல், ஐந்து நாளுக்கு ஒருமுறை அடிவரை இறங்க விடுகிறேன். தூரில் தேங்காய் மட்டையும் சருகும் மூடாக்கு.

வேலிக்கு வைத்த மஞ்சள் டுராண்டாவில்தான் இன்னும் மனம் ஒட்டவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் மாதம் ஒருமுறை கத்தரி பிடிக்க வேண்டும், அப்படி வெட்டிக்கொண்டே இருப்பதால் பூவும் இல்லை, ஒரு தேன்சிட்டு எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் புரட்டாசியில் அதை எடுத்துவிட்டு மருதாணியும் நொச்சியும் நடப்போகிறேன். மருதாணிக் கம்பு அக்கா வீட்டிலிருந்தே வருகிறது. பதிலுக்கு என் வெள்ளைக் காகிதப்பூவில் நாலு கம்பு கேட்டிருக்கிறார், தை வெட்டும்போது எடுத்துவைக்க வேண்டும்.