கரையான் மருந்துக்கு 18,500 ரூபாய் வாங்கிவிட்டு, என்ன மருந்து என்று சொல்ல மறுக்கிறார்கள்

வீட்டுக்குக் கரையான் மருந்து அடிக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போனது. பணம் போனதைக்கூட ஒரு நாள் ஆற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் தரைக்குள்ளும் அம்மாவின் கட்டில் சட்டத்திலும் எந்த விஷத்தை விட்டீர்கள் என்று கேட்டால், "அது கம்பெனி ஃபார்முலா மேடம், வெளியே சொல்ல முடியாது" என்கிறார்கள். இன்று மதியம் புகாரையும் மூடிவிட்டார்கள். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செல்போன் செயலிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று. நேரடியாக ஆள் வைத்திருப்பதில்லை. "பார்ட்னர்" என்று சொல்லி ஏதோ ஒரு பெஸ்ட் கன்ட்ரோல்காரரிடம் வேலையைத் தள்ளிவிடுவார்கள். நமக்கு அது பணம் கட்டிய பிறகுதான் தெரியும்.

முதலில் வந்தவர் சூப்பர்வைசர். அவரைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவ்வளவு சுத்தமாக வேலை தெரிந்த மனிதர். பூஜை அறை நிலைக்காலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் பொக்கென்று மாறியதும் நிறுத்தி, சுவரில் ஏறியிருந்த மண் கோடு ஒன்றை நகத்தால் உடைத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகப் பூச்சிகள் ஓடின. "மேல தெரியுறது ஒண்ணுமில்ல மேடம், கூடு மண்ணுக்குள்ள இருக்கு. அங்க மருந்து போகணும்" என்றார். அது உண்மைதான். அப்புறம் இமிடாகுளோபிரிட் என்ற கரையான் மருந்தைப் பற்றிச் சொன்னார்: 30.5 சதவீத எஸ்.சி. (தண்ணீரில் கலந்து விடும் அடர்திரவம்), வாசனை கிடையாது, கரையானுக்கு மருந்து இருப்பதே தெரியாது, அதனால் விலகிப் போகாமல் அதிலேயே நடந்து கூட்டுக்கும் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டிவிடும் என்று. அதுவும் உண்மைதான். பையிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை எடுத்து, பதிவு எண், பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் விரல் வைத்துக் காட்டி, "போட்டோ எடுத்து வச்சுக்குங்க" என்று அவராகவே சொன்னார். ஏமாற்ற வந்தவன் போட்டோ எடுக்கச் சொல்வானா? அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். ஐந்து வருட வாரண்டி, முழுத் தொகையும் முன்பணம். அங்கேயே யுபிஐ-யில் 18,500 ரூபாய் அனுப்பினேன்.

வேலைக்கு வந்தது வேறு ஆட்கள். இரண்டு சின்னப் பையன்கள், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு கைப்பம்பு. கையுறை இல்லை, மாஸ்க் இல்லை, மூக்கில் கைக்குட்டை. சூப்பர்வைசர் வரவில்லை. போட்டோவில் இருந்த பாட்டிலும் வரவில்லை. கொல்லைப்பக்கம் வாளியில் கலந்துகொண்டு வந்தார்கள். வாசலுக்குள் நுழையும்போதே மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். "தம்பி, வாசனையே இருக்காதுன்னாரே?" என்றேன். "புது பேட்ச் அக்கா, ரெண்டு நாள்ல போயிடும்."

ட்ரில் சத்தம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததை வீணாக்க வேண்டாம் என்று கட்டில் கால், அலமாரி முதுகு, ஜன்னல் சட்டம் என்று சும்மா பீய்ச்சினார்கள். போகும்போது, ஜன்னலை இரவு வரை திறக்காதீர்கள், அப்போதுதான் மருந்து நிற்கும் என்று ஒரு அறிவுரை வேறு.

அன்று மாலையே அம்மாவுக்குத் தலைவலி. அப்புறம் கண்ணில் நீர், குமட்டல், வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது என்றார். டாக்டர் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "என்ன மருந்து அடிச்சாங்க?" நான் போட்டோவைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "இதுதான்னு உறுதியா?" என்றார். அங்கிருந்தே செயலியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பாட்டு கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில் எடுத்த பெண், "மேடம், எல்லாமே அரசு அங்கீகரித்த மருந்துதான்" என்றார். எது என்று கேட்டால் அதே வாக்கியம் திரும்ப வருகிறது. சூப்பர்வைசர் போனை எடுக்கவே இல்லை. நல்லவேளையாக அம்மாவை சில மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு ஏன் பதில் வேண்டும் என்பது மறுநாள்தான் முழுதாகப் புரிந்தது. கொல்லையில் சிமெண்ட் சாக்குக்கு அடியில் ஒரு லிட்டர் காலி கேன் கிடந்தது. லேபிளில் பாதி கிழிந்திருந்தாலும் பெயர் தெரிந்தது: குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் ஈ.சி. (இதுவும் தண்ணீரில் கலக்கும் அடர்திரவம்தான்). கீழே சாய்சதுரக் குறி, அதன் கீழ்ப்பாதி மஞ்சள். இந்தியாவில் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்த படி, அப்புறம் நீலம், பச்சை. காலாவதி தேதி இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது.

இமிடாகுளோபிரிடும் இதுவும் வேறு வேறு குடும்பம். இமிடாகுளோபிரிட் நியோநிகோட்டினாய்டு. நரம்பில் நிகோட்டின் போய் ஒட்டும் இடத்தில் ஒட்டுகிறது. பூச்சியின் நரம்பில் பலமாக, நம் நரம்பில் பலவீனமாக. அதற்காக அது சாது என்று சொல்லவில்லை. தேனீக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்த வெளியில் பயன்படுத்தவே தடை போட்டது. குளோர்பைரிபாஸ் கரிம பாஸ்பரஸ் வகை. 1960-களிலிருந்து இருக்கிறது. அதன் மூலக்கூறில் பாஸ்பரஸோடு ஒரு கந்தக அணு இணைந்திருக்கிறது. உடம்புக்குள் போனதும் நம் கல்லீரலே அந்தக் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கிறது. அப்படி உருவாகும் ஆக்சான் (oxon) என்ற பொருள்தான் உண்மையான விஷம். நரம்புச் செய்தி முடிந்ததும் அதை அழிக்க வேண்டிய அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடுகிறது. செய்தி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணீர், உமிழ்நீர், வியர்வை, சுருங்கிய கண்மணி, அதிகமானால் மூச்சுத் திணறல். கரையானைக் கொல்வதும் இதே வழியில்தான், மனிதனைக் கொல்வதும் இதே வழியில்தான். ஷ்ராடர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பூச்சிமருந்து தேடப் போய் 1936-ல் டாபுன் என்ற நரம்பு வாயுவில் முட்டிக்கொண்டதும் இந்தக் குடும்பத்தில்தான்.

குளோர்பைரிபாஸுக்கு அட்ரோபின், பிராலிடாக்சிம் என்று விஷமுறிவு மருந்து உண்டு. இமிடாகுளோபிரிடுக்கு அப்படித் தனியாக எதுவும் கிடையாது, அறிகுறிக்குத்தான் வைத்தியம். ஆக, டாக்டர் கையில் நான் கொடுத்த போட்டோ தவறான மருந்தின் போட்டோ. அம்மாவுக்கு இன்னும் மோசமாகியிருந்தால்? இதைக் கேட்டால்தான் "கம்பெனி ஃபார்முலா" என்கிறார்கள்.

நியாயமாகச் சொல்கிறேன், குளோர்பைரிபாஸைக் கரையானுக்கு மண்ணுக்குள் விடும் வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. 20 சதவீத ஈ.சி. என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் கலந்து ஒரு சதவீதக் கரைசல் ஆக்க வேண்டும். ஆனால் அது போக வேண்டிய இடம் தரைக்கு அடியில், கட்டில் காலில் அல்ல. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து இதை எடுத்துவிட 2000-லேயே ஒப்பந்தம் போட்டார்கள், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை நினைத்து. ஐரோப்பாவில் 2020-ல் போனது. தமிழ்நாட்டிலேயே, தற்கொலைகளுக்குப் பயன்படுகிறது என்று ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு 60 நாள் தற்காலிகத் தடை போட்டதே, அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. இது தோல் வழியாகவும் ஏறும். வெறுங்கையால் வாளியைக் கலக்கிய அந்தப் பையன்களிடம் இதை யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

சரி, விஷமாவது ஒழுங்காக வேலை செய்ததா? மழை பிடித்ததும் அதே நிலைக்காலில் புது மண் கோடு, ஈரமாக. அடைத்திருந்த வெள்ளை சிமெண்டைச் சுரண்டி, பழைய குடைக்கம்பியை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் நீளம்கூடப் போகாமல் கான்கிரீட்டில் டக்கென்று முட்டி நின்றது. அடுத்த ஓட்டை, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. டைல்ஸ், கலவை, கான்கிரீட் எல்லாம் தாண்டினால்தான் மண். மருந்து மண்ணைத் தொடவே இல்லை! கட்டிய வீடுகளுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி, 12 மில்லிமீட்டர் ஓட்டை ஓரடி இடைவெளியில் போட்டு ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரை விடச் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஓட்டைகள் மூன்றடிக்கு ஒன்று. ஓரடிக்கு ஒன்று என்று போட்டிருந்தால் அறுபதுக்கு மேல் வரும். அறுபது லிட்டர் கரைசலுக்கு மூன்று லிட்டர் மருந்து வேண்டும். கிடந்தது ஒரே ஒரு கேன். 18,500 ரூபாய்க்கு, காலாவதி தேதி சுரண்டிய ஒரு லிட்டர் மருந்து, அதிலும் பாதி அலமாரி முதுகில்.

அதன்பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். "அது பழைய கரையான் மேடம், சாகக் கொஞ்சம் நாளாகும்." பிறகு, "மழைக்காலத்துல வரத்தான் செய்யும்." பிறகு, "மருந்து போட்ட பாயிண்ட்டுக்குத்தான் வாரண்டி, அந்தப் பாயிண்ட்ல வரலையே." ஓட்டைக்கு நான்கு விரல் தள்ளி வந்திருக்கிறதாம்! குடைக்கம்பி வீடியோ அனுப்பினேன், வாடிக்கையாளரே ஓட்டையைத் திறந்ததால் வாரண்டி ரத்து என்றார்கள். செயலிக்காரர்களைக் கேட்டால் பார்ட்னரைக் கேளுங்கள் என்கிறார்கள். பார்ட்னர், பணம் வாங்கியது செயலி என்கிறார். கேன் போட்டோவுக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. இன்று மதியம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு செய்தி, கூடவே ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு இணைப்பு. 18,500 ரூபாய்க்கு அந்த நட்சத்திரம்தான் பாக்கி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடியும். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால் கொடுக்காதீர்கள். பெஸ்ட் கன்ட்ரோல் வேலைக்கு பூச்சிக்கொல்லி விதிகளின்படி லைசென்ஸ் வேண்டும், வாசலிலேயே கேளுங்கள். மருந்தின் வேதிப்பெயரை பில்லில் எழுதி வாங்குங்கள், "ஹெர்பல்", "ஃபார்முலா" என்றால் அனுப்பிவிடுங்கள். சீல் உங்கள் கண் முன்னால் உடைய வேண்டும், கலப்பதும் உங்கள் முன்னால்தான். ஓட்டையை அடைக்கும் முன் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். படுக்கையில், கட்டிலில் பீய்ச்ச விடாதீர்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் அன்றைக்கு வேறெங்காவது அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து போடுங்கள், அவன் என்ன சொன்னாலும். உடம்புக்கு ஏதாவது என்றால் டப்பாவையே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இப்போது அதில்தான் காத்திருக்கிறேன்.