கூடார மடிப்பா, தட்டை உருவமா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுக்குக் காகித உருவம் செய்ய எனக்குப் பழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, படத்தைக் கூடாரம் போல மடித்து நிறுத்துவது. மற்றொன்று, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மடித்து ஒட்டித் தட்டையாக வெட்டி, அடித்தட்டில் செருகுவது.

கூடாரம் வேகமானது. அச்சடித்து, மடித்து, அடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. திடீரென்று இருபது பூதங்கள் தேவைப்பட்டால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் லேசானது, மின்விசிறிக் காற்றுக்கே சாய்ந்துவிடும். அடியில் ஒரு நாணயத்தை ஒட்டினால் சரி.

தட்டை உருவத்துக்குப் பொறுமை வேண்டும். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டையில் அச்சடித்து, மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குப் பசைக்குச்சிதான் நல்லது. தண்ணீரான வெள்ளைப் பசையில் காகிதம் நெளியும், இங்க்ஜெட் மையும் கசியும். வாள், ஈட்டி போன்ற மெல்லிய பகுதிகளைச் சுற்றி 1 மி.மீ. ஓரம் விட்டு வெட்டுங்கள். அப்புறம் விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கரை ஓட்டுங்கள். வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோடு மறைந்ததும் உருவம் சட்டென்று உயிர் பெற்று நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

எதுவானாலும் ஆட்டப் பலகையின் ஓர் அங்குலக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். கூடாரத்தின் கால்களை அகலமாக விரித்தால் பக்கத்துக் கட்டத்தில் மிதித்து நிற்கும்.

நான் நாயகர்களைத் தட்டையாகவும், கூட்டமாக வரும் எதிரிகளைக் கூடாரமாகவும் செய்கிறேன். மாதக்கணக்கில் கையில் புழங்கும் நாயகனுக்கு அந்தக் கூடுதல் அரைமணி நேரம் தகும்.