பத்மநாபபுரம் அரண்மனை: தரையையும் கூரையையும் பார்க்கப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இறங்கினால் கிட்டத்தான், ஆட்டோவிலேயே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை. மதியம் கொஞ்ச நேரம் டிக்கெட் கவுண்டரை அடைத்துவிடுவார்கள்; காலையில் திறந்ததுமே நுழைவது நல்லது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கவனிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். இங்கே மூத்த கட்டடம் தாய்க் கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை). இன்று நாம் காணும் வடிவத்தில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா கட்டியது. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

முதலில் தரையைப் பாருங்கள். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் இடத்தில் குனிந்து பார்த்தால், கறுப்புத் தரையில் உங்கள் நிழல் அல்ல, முகமே தெரியும். சுட்ட தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு சேர்த்துத் தேய்த்தெடுத்தது என்பார்கள். இந்த மெருகுக்குப் பெரிய எதிரி மணல். காலடியில் ஒட்டி வரும் ஒரு மணல்துகள் போதும், கீறல் விழும். வெடித்த இடத்தில் சிமெண்டை அப்பினால் இன்னும் கேடு: சிமெண்ட் இறுகி நிற்கும், பக்கத்துச் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட வழியில்லாமல் பொரிந்து உதிரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

பிறகு அண்ணாந்து பாருங்கள். ஓடு ஒன்று நகர்ந்தால் மழைத்தண்ணீர் கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) வழியாக இறங்கி, சுவரில் அமரும் முனையில் தங்கும். அழுகல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். ஈரம் கண்ட இடத்துக்குக் கரையானும் வரும். முழு மரத்தையும் மாற்றுவது வீண்செலவு, பழைய தச்சுவேலைக்கும் இழப்பு. அழுகிய முனையை மட்டும் சாய்வாக வெட்டி, அதே ஜாதி மரத்தை, தேக்குக்குத் தேக்கு, அயினிக்கு (காட்டுப்பலா) அயினி, நன்றாக உலர்ந்ததைப் பார்த்து ஒட்டவேண்டும். பச்சை மரம் சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். மேலே வார்னிஷைவிட நம் பக்கத்துக் கொல்லாங்கொட்டை எண்ணெயே (முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது) மேல், கரையானும் அண்டாது.

தாய்க் கொட்டாரத்து ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைத் தவறவிடாதீர்கள். அடியிலிருந்து மேல்வரை ஒரே மரம். உப்பரிகை மாளிகையில் சுவரோவியம் உள்ள மேல்தளத்துக்குப் பொதுவாக விடமாட்டார்கள். ஏமாற்றம்தான், ஆனாலும் சரியான முடிவு. கூட்டத்தின் மூச்சு ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு தாங்காது.

செருப்பை வெளியே விட்டுத்தான் போகவேண்டும். மழைநாளென்றால் கால் துடைக்க ஒரு துண்டும் கொண்டுபோங்கள்.